ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க: எந்தத் தாள் வேண்டும், எது வேண்டாம்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஓராண்டுக்கு மேலாக ஆங்கிலம் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 2012-13இல் அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியபோது ஆறாம் வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டு வரை அங்கேயே படித்தேன். பிறகு பி.ஏ. ஆங்கிலம், இரண்டாண்டு பி.எட். இப்போது ஜப்பானிலிருந்து இரண்டு வாய்ப்புகள். ஒன்று, பள்ளிகளுக்கு உதவி ஆங்கில ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனம். இன்னொன்று, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் நிலையம். இரண்டுக்கும் விசா ஒன்றுதானா? மூன்றாண்டு அனுபவம் கட்டாயம் என்றும், அந்தச் சான்றைத் தானே ரெடி பண்ணித் தருவதாகவும் இங்குள்ள ஏஜென்ட் சொல்கிறார். பட்டத்துக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்றொப்பம்), போலீஸ் சான்று, எமிகிரேஷன் கிளியரன்ஸ் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் கேட்கிறார். அவசரமென்றால் டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். சான்றிதழ்களில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். இதனால் சிக்கல் வருமா? தென்கொரியாவுக்கும் முயற்சி செய்யலாமா?

பதில்: அந்த அனுபவச் சான்று வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மற்ற தாள்களில் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கலாம். பொய்ச் சான்று கொடுத்து மாட்டினால் திருத்துவதற்கு இடமே இல்லை. இதில் வேடிக்கை, அந்த மூன்றாண்டு அனுபவத்தை உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான். மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்று ஜப்பானிய விதியில் ஒரு வரி இருப்பது உண்மை. வருகிறவர் பட்டதாரியாக இருந்து, செய்யப்போகும் வேலை மொழி கற்பித்தலாகவோ மொழிபெயர்ப்பாகவோ இருந்தால் அந்த அனுபவம் தேவையில்லை என்ற விலக்கும் அதே இடத்தில் இருக்கிறது. ஏஜென்ட் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார், அல்லது நிறுத்துவதில்தான் அவருக்கு லாபம்.

பொய்யென்று கண்டுபிடித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு போகாது. இதற்கு முன் விண்ணப்பித்தீர்களா, எத்தனை முறை மறுக்கப்பட்டது என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வெளிப்பட்டால் தங்கும் தகுதியையே ரத்து செய்யலாம். உங்கள் ஓராண்டு அனுபவத்தை ஓராண்டு என்றே எழுதுங்கள்.

இனி, இரண்டு வாய்ப்பும் ஒரே விசாவா என்ற கேள்வி. நாம் பொதுவாக விசா என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. சென்னைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவது உள்ளே நுழைவதற்கான அனுமதி. அங்கே என்ன வேலை செய்யலாம் என்பதை முடிவு செய்வது தங்கும் தகுதி. ஜப்பானிய மொழியில் அதற்கு ஸைரியூ ஷிகாகு என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குள் கற்பிக்கிறவருக்கு 'கியோஇகு' என்ற கல்விப் பிரிவுத் தகுதி. பேச்சுப் பயிற்சி நிலையம் சட்டப்படி பள்ளி ஆகாது, அது ஒரு வணிக நிறுவனம். ஆகவே அங்கே வேலை செய்கிறவருக்கு வேறு தகுதி. பொறியாளர், மனிதவியல் நிபுணர், பன்னாட்டுச் சேவை மூன்றையும் ஒன்றாகக் கட்டிய அந்தப் பிரிவைச் சுருக்கமாக 'கிஜின்கோகு' என்பார்கள். முதல் நிறுவனம் உங்களை வேலைக்கு வைத்து, அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறது. சம்பளம் தருவது நிறுவனம் என்றாலும் பாடம் நடப்பது பள்ளியில். அதனால் அது கல்விப் பிரிவு.

இந்தப் பிரிவு வித்தியாசத்தில்தான் உங்கள் வழக்கின் முடிச்சு இருக்கிறது. பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் பட்டம் போதும். எந்தப் பாடத்தில் என்றுகூடக் கேட்பதில்லை. ஜப்பானியர் ஒருவர் அதே வேலைக்குப் பெறும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது இரண்டு பிரிவுக்கும் பொது. பள்ளியில் உதவி ஆசிரியராகப் போக இவை போதாது. பட்டத்தோடு, எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறாரோ அந்த மொழி வழியாகப் பன்னிரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் கல்வி பெற்றிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தது கணக்கில் வராது. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலிருந்து மெட்ரிக் பள்ளியில் படித்தவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உங்களைப் போல நடுவில் மாறியவர் விரல் விட்டு எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டு. பி.ஏ. மூன்று. ஆக பத்து. பி.எட். இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. சட்டவரி பன்னிரண்டு ஆண்டு கல்வி என்று சொல்கிறதே தவிர, அது பள்ளிக்கூடமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே கல்லூரி ஆண்டுகளையும் சேர்க்கிறோம். சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள், ஒரு ஆண்டுகூட உபரி இல்லை. எனவே எல்லாம் உங்கள் பி.எட்.டில் தொங்குகிறது. தமிழ்நாட்டில் பி.எட். தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். வகுப்பில் இரண்டும் கலந்தே ஓடும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்து, பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரி முதல்வர் எழுத்தில் தருவாரானால் பள்ளி வேலை கைக்கு எட்டும். தர மாட்டார் என்றால், அல்லது தேர்வைத் தமிழில் எழுதியிருந்தால், கணக்கு பத்தில் நின்றுவிடும். உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி நிலையம்தான். ஐந்தாம் வகுப்பு வரையும் ஆங்கில வழி என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மேலே அனுபவச் சான்றுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டை எப்படிக் காட்டுவது? டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் தமிழ் வழியில் படித்ததற்கு வகுப்புவாரியாக வாங்கும் பி.எஸ்.டி.எம். சான்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தலைமையாசிரியரிடம் அப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். பள்ளியின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இவை இருக்க வேண்டும்: சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடி உங்கள் பெயரும் அப்பா பெயரும், சேர்க்கை எண், பிறந்த தேதி, எந்தக் கல்வியாண்டு முதல் எந்தக் கல்வியாண்டு வரை எந்தெந்த வகுப்பு, மொழிப்பாடமான தமிழைத் தவிர எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டு ஆங்கிலத்திலேயே தேர்வு நடந்தது என்ற வரி. கீழே கையெழுத்து, முத்திரை, தேதி, பள்ளியின் தொலைபேசி எண். தொலைபேசி எண்ணை மறந்துவிடாதீர்கள். அங்குள்ள அதிகாரி கூப்பிட்டுப் பார்க்க நினைத்தால் ஒரு வழி வேண்டும். தமிழ் தவிர என்ற சொல்லையும் ஒளிக்க வேண்டாம். மார்க் ஷீட்டில் தமிழ் மதிப்பெண் இருக்கும்போது கடிதம் எல்லாப் பாடங்களும் என்று சொன்னால் அதுதான் கேள்வியைக் கிளப்பும்.

கடிதம் வாங்குவதற்கு முன் டி.சி.யை எடுத்துப் பயிற்று மொழி என்ற வரியைப் பாருங்கள். ஆங்கில வழிப் பிரிவு புதிதாக வந்த பள்ளிகளில் பழக்கதோஷத்தில் தமிழ் என்றே எழுதிவிட்டிருக்க வாய்ப்புண்டு. டி.சி. ஒன்று சொல்ல, கடிதம் வேறொன்று சொன்னால் இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும். அப்படி இருந்தால் பதிவேட்டைக் காட்டி முதலில் டி.சி.யைத் திருத்தி வாங்குங்கள், கடிதம் பிறகு. பி.ஏ.வுக்கும் பி.எட்.டுக்கும் கல்லூரி முதல்வர்களிடமிருந்து இதே போன்ற கடிதம் ஒவ்வொன்று. மூன்று கடிதங்களிலும் ஆண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல், இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். பட்டமளிப்பு விழாச் சான்று இன்னும் வரவில்லையென்றால் புரொவிஷனலும் மொத்த மதிப்பெண் பட்டியலும் தேர்ச்சியைக் காட்டும். ஆனாலும் பட்டச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். பல நிறுவனங்கள் அதைத்தான் கேட்கும்.

இந்தத் தாள்களையெல்லாம் நீங்கள் சென்னையில் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஜப்பானில் உள்ள நிறுவனம்தான் உங்கள் சார்பில் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும். இதை எல்லோரும் சி.ஓ.இ. என்பார்கள். சி.ஓ.இ.க்கு ஜப்பான் அரசு கட்டணம் வாங்குவதில்லை. சி.ஓ.இ. ஃபீஸ் என்று யாராவது உங்களிடம் கேட்டால் அது அவருடைய கட்டணம், அரசுடையது அல்ல. நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்ப வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், புகைப்படம், படிப்பும் வேலையும் மாதவாரியாக எழுதிய தன்விவரம், பட்டங்களின் நகல், மார்க் ஷீட் நகல், மேலே சொன்ன பயிற்று மொழிக் கடிதங்கள். புகைப்படம் உயரம் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ. நம் ஸ்டுடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் என்று கேட்டால் 3.5-க்கு 4.5 அளவில்தான் கொடுப்பார்கள். அளவைச் சொல்லி எடுங்கள். நகலோடுதான் சி.ஓ.இ. வேலை நடக்கிறது என்பதால், மூலச் சான்றிதழ்களை இப்போது வேலை செய்யும் பள்ளி வாங்கி வைத்திருந்தாலும் இந்தக் கட்டத்தில் பயமில்லை. ஆனால் புறப்படுவதற்கு முன் அவை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டுப் பேசி வையுங்கள்.

ஆங்கிலத்திலோ தமிழிலோ உள்ள தாள்களுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்று யாரும் தேவையில்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் இருந்தால் போதும், பெரும்பாலும் நிறுவனமே செய்துகொள்ளும். பேச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த ஒரு தோழிக்கு இத்தனை தாள் கேட்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்தப் பிரிவில் வேலை கொடுக்கும் நிறுவனங்களை அரசு நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் முதல் வகை. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய வருமான வரி முந்தைய ஆண்டில் 1 கோடி யென்னுக்குக் குறையாமல் இருந்தால் இரண்டாம் வகை. இந்த இரண்டு வகைக்கும் தாள் மிகக் குறைவு. சிறிய நிலையத்துக்கும் புதிதாகத் தொடங்கியதற்கும் கணக்கு வழக்கு வரை கேட்பார்கள், நேரமும் பிடிக்கும். உங்களிடம் பேசுகிற நிலையம் எந்த வகை என்று தாராளமாகக் கேட்கலாம். ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தப்பாகத் தெரியாது.

பெயர் விஷயத்தில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. சான்றிதழில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா முருகன் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி மட்டும் எழுத வேண்டும், குடும்பப் பெயர் எது, இடுபெயர் எது என்பது உட்பட. இரண்டு பெயரையும் கட்டும் பாலம் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது: அங்கே அப்பா பெயரும் கணவர் பெயரும் அச்சாகியிருக்கும். டி.சி.யில் அதே அப்பா பெயர், அதே பிறந்த தேதி. இவற்றோடு திருமணப் பதிவுச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழி ஒன்று, இரண்டையும் வையுங்கள். கெஜட்டில் பெயர் மாற்றுவதும் சான்றிதழ்களைத் திருத்துவதும் இதற்காக வேண்டியதில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: விண்ணப்பம் போன பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவது. மாற்ற நினைத்தால் இப்போதே, இல்லையென்றால் திரும்பி வந்து.

சிக்கல் அங்கே போன பிறகு வேறு உருவத்தில் வரும். குடியிருப்பு அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில் பாஸ்போர்ட் போலவே இருக்கும். வங்கிக் கணக்கில், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவில் இருக்கும். கவிதாவின் 'வி'யை அந்த எழுத்தில் இரண்டு விதமாக எழுதலாம். வங்கி ஒரு விதமும் சம்பளம் போடுகிற கணக்காளர் இன்னொரு விதமும் எழுதினால் முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும். ஒரே எழுத்துமுறையை முதல் நாளே முடிவு செய்து நிறுவனத்திடமும் வங்கியிடமும் அதையே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும் வாசகர்கள் படிவத்திலும் அதைக் காலியாகவே விட வேண்டும். இனிஷியலை விரித்து நிரப்பக் கூடாது.

ஏஜென்ட்டின் பட்டியலுக்கு வருவோம். அப்போஸ்டில்: ஜப்பான் சி.ஓ.இ.க்குப் பட்டத்தில் அப்போஸ்டில் கேட்பது வழக்கமில்லை. நிறுவனம் எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள். அதற்கும் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய்தான். அதற்கு முன் மாநில அளவில் சரிபார்ப்பும், சேவை மையத்தின் சிறு கட்டணமும் உண்டு. போலீஸ் சான்று: குடிவரவு அலுவலகத்தின் பட்டியலில் இது இல்லை. குழந்தைகளோடு வேலை என்பதால் சில நிறுவனங்கள் தாங்களாகக் கேட்கும். கேட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே வாங்கலாம். எந்த நாட்டுக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஜப்பான் என்று போடுங்கள், வேறு நாட்டுக்கு வாங்கியது செல்லாது. எமிகிரேஷன் கிளியரன்ஸ்: இது பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு, பெரும்பாலும் வளைகுடாவுக்கு, வேலைக்குப் போகும்போது வாங்குவது. ஜப்பான் அந்தப் பட்டியலிலேயே இல்லை, நீங்களோ இரட்டைப் பட்டதாரி. இல்லாத வேலைக்குக் கூலி கேட்கிறார். காசநோய்ப் பரிசோதனை என்றும் ஏதாவது சேர்த்துவிடுவார், ஜாக்கிரதை. ஜப்பான் 2025இல் தொடங்கிய முன்பரிசோதனை பிலிப்பைன்ஸ், நேபாளம், வியட்நாம், இந்தோனேசியா, மியான்மர், சீனா ஆகிய ஆறு நாடுகளைக் குறித்து வகுத்தது, இந்தியாவை அல்ல.

டூரிஸ்ட் விசாவில் போய் மாற்றுவது நடக்காது. குறுகிய காலத் தங்கலிலிருந்து வேலைத் தகுதிக்கு மாற, தவிர்க்க முடியாத தனிக் காரணம் இருந்தால் ஒழிய அனுமதி இல்லை என்று சட்டமே சொல்கிறது. வேலை தேடி வந்தேன், கிடைத்துவிட்டது என்பது அந்தக் காரணம் ஆகாது. அந்த இடைவெளியில் ஒரு வகுப்பு எடுத்தாலும் அது சட்டவிரோத வேலை.

காலக்கணக்கு முக்கியம். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பயிற்சிக்காக மார்ச் கடைசியிலேயே வரச் சொல்வார்கள். சி.ஓ.இ. பரிசீலனைக்கு ஒன்று முதல் மூன்று மாதம். ஜனவரி முதல் மார்ச் வரை மாணவர் விண்ணப்பங்களும் சேர்ந்து குவிவதால் மூன்று மாதப் பக்கமே சாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முடிவதற்குள் நிறுவனம் விண்ணப்பித்திருந்தால் நிம்மதி. அதற்கு உங்கள் கடிதங்கள் நவம்பரில் கையில் இருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும்.

சி.ஓ.இ. இப்போது மின்னஞ்சலிலேயே வருகிறது. நிறுவனம் அதை உங்களுக்கு அனுப்பும், அச்செடுத்து விசா விண்ணப்பத்தோடு சென்னையில் உள்ள விசா மையத்தில் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம்தான். சி.ஓ.இ. இருந்தால் விசா சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். சி.ஓ.இ. தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். சி.ஓ.இ. கண்ணில் படும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம், ராஜினாமாக் கடிதமும் கொடுக்க வேண்டாம்.

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் குடியிருப்பு அட்டையை அங்கேயே தருவார்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பிற்பாடு நிறுவனம் மாறினால் அதையும் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் மறந்துவிட்டுப் புதுப்பிக்கும்போது விழிப்பது இங்கேதான். பள்ளித் தகுதியில் இருந்துகொண்டு மாலையில் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்கத் தனி அனுமதி வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு முழுதாக மாறுவதானால் தகுதியையே மாற்ற வேண்டும். புதுப்பித்தலுக்குக் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 4,000 யென்னிலிருந்து 6,000 ஆனது. புதுப்பிக்கும்போது உள்ளூர் வரி கட்டிய சான்று கேட்பார்கள். பாக்கி இருந்தால் மூன்றாண்டுக்குப் பதில் ஓராண்டு கொடுப்பதோ மறுப்பதோ நடக்கும்.

ஒப்பந்தத்தில் வார வேலை நேரத்தைப் பாருங்கள். ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் 29.5 மணி நேரம் என்ற விசித்திரமான எண் அடிக்கடி தென்படும். முழுநேர வேலையின் முக்கால் பங்கைத் தொட்டால் சுகாதார, ஓய்வூதியக் காப்பீட்டில் நிறுவனம் பாதி கட்ட வேண்டிவரும் என்பதால் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திய எண் அது. 2024 அக்டோபர் முதல், 51 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரத்தையும் மாதம் 88,000 யென்னையும் தொட்டாலே சேர்க்க வேண்டும் என்று ஆனதால் பெரிய நிறுவனங்களில் அந்தத் தந்திரம் இனி செல்லாது. சிறியவற்றில் இன்னும் உண்டு. கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் முழுதா, குறைவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தென்கொரியா முற்றிலும் வேறு கதை. ஜப்பான் நீங்கள் எந்த மொழியில் படித்தீர்கள் என்று கேட்கிறது. கொரியா உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியர்களுக்கு ஒரு பக்கவாசல் உண்டு. 2010 ஜனவரியில் நடப்புக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகலாம். ஹாக்வான் என்கிற தனியார் டியூஷன் நிலையங்களுக்கு இந்த வாசல் திறக்காது. இந்தியர் என்றதும் ஹாக்வான் வேலை தருவதாகச் சொல்கிறவர் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கே தெரியவில்லை. இங்கேதான் அப்போஸ்டில் உண்மையில் வேண்டும்: பட்டத்துக்கும் போலீஸ் சான்றுக்கும். போன பிறகு போதைப்பொருள் பரிசோதனையோடு மருத்துவச் சான்றும் தர வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனை 2017இல் கைவிடப்பட்டது. உங்களுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் இந்த வழியில் ஆள் எடுக்கும் பள்ளி கிடைப்பதுதான் பாடு. கையில் ஜப்பான் வாய்ப்பு இரண்டு இருக்கும்போது இதைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து.

ஏஜென்ட் இல்லாமலே இது நடக்கும், ஏனென்றால் நிறுவனங்கள் ஏற்கெனவே உங்களோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அவரிடமேதான் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னால், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது.

முதல் வேலையாக பி.எட். கல்லூரிக்குப் போய் அந்தப் பயிற்று மொழிக் கடிதத்தைக் கேளுங்கள். கிடைத்தால் இரண்டு நிறுவனத்தோடும் பேரம் பேசலாம். கிடைக்காவிட்டால் அன்றைக்கே பள்ளி நிறுவனத்திடம் உள்ளதைச் சொல்லி விலகிவிட்டு, பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு ஒப்புதல் கொடுங்கள். அவர்களுக்கு உங்கள் பி.ஏ. போதும்.